சென்னிமலைத் தோட்டத்து உறவுகளுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள நாத்தனாருக்கும், அவர் மாமனாருக்கும், பிள்ளைகளுக்கும், அக்கம்பக்கத் தோட்டத்துப் பெண்களுக்கும் வணக்கம்.

சென்னிமலைப் பக்கத்திலுள்ள உங்கள் தோட்டத்துக் கிணற்றில் நான் இப்போது யாருடைய துணையுமின்றி ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை நீந்திப் போய்த் திரும்புகிறேன். நேரில் நன்றி சொன்னால் பேச்சை மாற்றிவிடுவீர்கள் என்பதாலும், நீங்கள் செய்தது நாலு பேருக்குத் தெரிய வேண்டியது என்று நான் நம்புவதாலும் இதைப் பொதுமடலாக எழுதுகிறேன். நீங்கள் கேட்டுக்கொண்டபடி எவர் பெயரையும் குறிப்பிடவில்லை.

நான் கடலூரில் பிறந்தவள். 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலையில் என் பள்ளித் தோழி ஒருத்தி போய்விட்டாள். அதன்பின் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாலே எனக்கு மூச்சு முட்டும். கடலூர் மாவட்டத்தில் அன்று 391 பெண்களும் 146 ஆண்களும் இறந்ததாக ஆக்ஸ்பாம் அமைப்பு 2005-இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. பெண்கள் அவ்வளவு பேர் மாண்டதற்குக் காரணங்கள் பல உண்டு. நீந்தத் தெரியாமை அவற்றுள் ஒன்று. அந்த எண்களைப் படித்த நாளிலிருந்தே நீச்சல் பழக வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இருந்தது. ஆனால் அச்சம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

கிணற்று மேட்டிலிருந்து தள்ளிவிட்டுப் பழக்குவதே உங்கள் பக்கத்து வழக்கம். கிணற்றோடே வளர்ந்த பிள்ளைகளுக்கு அது சரிப்பட்டு வரலாம். ஏற்கெனவே அஞ்சி நடுங்குகிறவருக்கு அது கேடுதான் செய்யும் என்பது என் உறுதியான கருத்து. தாமும் அப்படித் தள்ளிவிடப்பட்டே கற்றவரான நாத்தனாரின் மாமனார், நம் அப்பாரு, என்னை எவரும் விளையாட்டுக்காகக்கூடத் தொடக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். "அம்மிணி தானா எறங்கட்டும், அவசரமில்லை" என்று அவர் சொன்ன சொல் எனக்கு அளித்த தெம்பை எழுத்தில் கொண்டுவர இயலவில்லை. மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் நீர்ப்பாய்ச்சலை ஒதுக்கிவைத்து, மோட்டாரை நிறுத்தியதோடு அமையாமல் ஃபியூஸ் கட்டையையும் பிடுங்கித் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நான் மேலேறி வரும்வரை தொட்டி மேட்டில் உட்கார்ந்திருப்பார். மஞ்சள் காட்டுக்குத் தண்ணீர் தேவைப்பட்ட நாள்களிலும் அவர் அதைச் செய்தார் என்பது ஒரு விவசாயிக்கு எத்தகைய விட்டுக்கொடுத்தல் என்று எனக்குத் தெரியும்.

உடற்கல்வி படிக்கும் நாத்தனார் மகளுக்கு நான் பட்ட கடன் தனி. கைகால் அடிக்கச் சொல்லித் தருவதற்கு முன், கடைசிப் படியில் உட்கார்ந்து முகத்தை மட்டும் தண்ணீரில் அமிழ்த்தி மெல்ல மூச்சுவிடப் பழக்கினாள். மூச்சு முட்டுவதாகத் தோன்றுவதற்குப் பெரும்பாலும் காரணம் காற்றுக் குறைவு அன்று, உள்ளே சேரும் கரியமில வாயுதான் என்றும், நீருக்குள்ளேயே மூச்சை விட்டுவிட்டால் தலையைத் தூக்கியதும் இழுக்க இடம் இருக்கும் என்றும் அவள் விளக்கியபோது, என் அச்சத்துக்கு முதன்முறையாக ஒரு காரணம் கிடைத்தது. நுரையீரல் நிறையக் காற்று இருந்தால் பெரும்பாலோர் உடல் மிதக்கும், பதறித் தலையைத் தூக்கினால்தான் இடுப்பும் காலும் கீழே இறங்கும் என்பதை என்னை மல்லாக்கப் படுக்கவைத்தே காட்டினாள். பிடரியின் கீழ் அவள் வைத்திருந்த கை எப்போது விலகியது என்று எனக்குத் தெரியாது. விலக்கப்போவதை மட்டும் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். சொல்லாமல் விட்டிருந்தால் நான் அவளை மறுபடி நம்பியிருக்க மாட்டேன்.

நாத்தனார், நான் மிதப்பதற்காக நீங்கள் முதுகில் கட்டிவிட்ட, முற்றிக் காய்ந்த சுரைக்குடுக்கைகளை ஒவ்வொன்றாகக் குறைத்த விதம் பெரிய ஆசிரியர்களுக்கும் வாய்க்காத பொறுமை. நான் வெளியே வரும்போதெல்லாம் போர்த்திவிட்ட அந்தக் கைத்தறிப் போர்வைக்கும், ஆண்கள் அந்நேரம் கிணற்றுப் பக்கம் வராமல் பார்த்துக்கொண்டதற்கும் நன்றி. அக்கம்பக்கத் தோட்டத்து அக்காமார் தாங்களும் இறங்கி என்னோடு பழகத் தொடங்கியது நான் எதிர்பாராத மகிழ்ச்சி.

கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விடும் மாதங்களில் கசிவுநீரால் கிணறு நிரம்பி, மேல்படி வரை நீர் நிற்கும். பொங்கல் விடுமுறைக்குக் கடலூரிலிருந்து என் தங்கையும் அவள் இரண்டு பெண்களும் நீச்சல் பழக உங்கள் தோட்டத்துக்கு வருகிறார்கள். அவர்களுக்காக அப்பாரு இப்போதே சுரைக்காய்களைப் பறிக்காமல் கொடியிலேயே முற்றவிட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அதற்கும் சேர்த்து என் நன்றியை ஏற்றுக்கொள்ளுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் கடலூர் அண்ணி