ஒரு தரம் போதும், மகள்

அன்பு மகள்,

உன் வொய்ஸ் மெசேஜைக் கேட்டவுடன் போன் எடுக்கப் போனேன். அப்பாதான் மறித்தார். "உன்னுடைய தொண்டையில் கதைத்தால் பிள்ளை பயந்துபோவாள், ஆறுதலாக எழுது" என்றார். எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் போனில் கதைத்து முடிகிற விஷயமும் இல்லை இது.

கனடாவில் நீங்கள் இப்போது போகிற ஸ்காபரோ சபையில், குழந்தையில் எடுத்த ஞானஸ்நானம் செல்லாது, அறிவு வந்த பிறகு முழுகி எடுத்தால்தான் கணக்கு என்கிறார்களாம். வருகிற மாதம் எடுக்கிறவர்களின் பட்டியலில் உன் பெயரையும் போடட்டாம் என்று நிற்கிறார்களாம். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நீ வேலை இல்லாமல் கிடந்த அந்தக் குளிருக்குள் சோறும் கறியும் கட்டிக்கொண்டு வந்தவர்கள் அவர்கள்தான். இங்கே உப்புவெளிப் பக்கத்திலும் கடல் அடங்கியிருக்கிற மாதங்களில் சில சபைக்காரர் வெள்ளை உடுத்துப் பாட்டோடு இறங்குவார்கள். பார்க்க வடிவாக இருக்கும். முதல் தரம் எடுக்கிறவர்களுக்கு அது சரி. உனக்கு இரண்டாம் தரம். என் வழக்கு அதோடுதான்.

அவர்கள் உனக்குக் காட்டியது மாற்கு 16:16. விசுவாசம் முதல், தண்ணீர் பிறகு என்று வரிசை வைக்கிறார்கள். நீ அப்போஸ்தலர் 16ஐ எடுத்து வாசி. பிலிப்பியில் சிறைச்சாலைக்காரன், அதாவது சிறையைக் காவல் காத்தவன், விசுவாசித்த அதே இரவில் அவனும் அவனுடையவர்கள் அனைவரும் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று இருக்கிறது. அந்த வீட்டில் கைக்குழந்தை இருந்ததா என்று வேதம் சொல்லவில்லை. நம்முடைய ஆட்கள் சிலர் தொட்டிலைக் கண்டவர்கள் மாதிரி வாதாடுவார்கள், அது எனக்குப் பிடிக்காது. ஆனால் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சோதித்து எடுத்ததாகவும் அங்கே இல்லை. வீடு வீடாகத்தான் தண்ணீருக்கு வந்தார்கள்.

அடுத்ததாக 19ஆம் அதிகாரத்தையும் காட்டுவார்கள். எபேசுவில் பவுல் மறுபடி கொடுத்தாரே என்று. அந்த மனுஷர் பெற்றிருந்தது இயேசுவுக்கு முன்வந்த யோவானின் ஞானஸ்நானம், இயேசுவின் நாமத்தினாலே எடுத்தது அல்ல. உனக்குப் பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே தந்தது, நான் பக்கத்தில் நின்று கேட்டேன். சண்டைக் காலம் அது. பாதையில் சோதனைச்சாவடி. ஆமிக்காரன் உன் வெள்ளைச் சட்டைப் பெட்டியைத் திறந்து கிளறி, பின்னலை அழுக்காக்கிவிட்டுத் தந்தான். கோயிலில் அம்மம்மா எச்சில் தொட்டு அந்தக் கறையைத் தேய்த்துக்கொண்டே இருந்தா. போதகர் தலையில் தண்ணீர் விட்டதும் நீ அவருடைய அங்கியைப் பிடித்து இழுத்தாய், விடவே இல்லை.

உனக்கு இது ஒன்றும் ஞாபகம் இல்லை என்கிறாய். ஞாபகம் இல்லாதது எப்படி என் விசுவாசம் ஆகும் என்று கேட்கிறாய். நல்ல கேள்வி. எனக்குத் தெரிந்த பதில் இவ்வளவுதான்: அன்றைக்கு வாக்குக் கொடுத்தது நீ இல்லை, தேவன். நீ வாய் திறக்க முதலே அவர் சொல்லிவிட்டார். உன் ஞாபகத்திலும் உன் உருக்கத்திலும் அது தங்கியிருந்தால், மனம் காய்ந்துபோகிற ஒவ்வொரு வருடமும் மறுபடி மறுபடி முழுக வேண்டிவரும்.

நம்முடைய மெதடிஸ்த சபையைத் தொடக்கிவைத்த ஜோன் வெஸ்லியையே பார். 1703 இல் பிறந்து குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்றவர். 1728 இல் குருவானவர். அப்படியிருந்தும் 1738 மே 24 இரவு, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ரோமர் நிருபத்துக்கு ஜெர்மனியில் சபையைச் சீர்திருத்தின மார்ட்டின் லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசிக்கக் கேட்டபோதுதான் அவருடைய இருதயம் அனல்கொண்டது. இன்றைக்கு உன் நண்பர்கள் கையில் அகப்பட்டிருந்தால் அடுத்த ஞாயிறே அவரைத் தண்ணீருக்குள் இறக்கியிருப்பார்கள். அவர் திரும்ப எடுக்கவில்லை. எழும்பிப் பிரசங்கிக்கப் போனார்.

நீ கடைசியில் மெதுவாகச் சொன்னதுதான் உண்மையான காரணம் என்று நினைக்கிறேன். உனக்கு ஞானஸ்நானம் தந்தவர் பிறகு எப்படி நடந்துகொண்டார் என்பது. அது ஊருக்கே தெரியும், நான் மூட வரவில்லை. ஆனால் இந்தக் கேள்வி உனக்கு மட்டும் வந்தது என்று நினைக்காதே. 303 இல் ரோம ராயன் தியோக்கிளேத்தியன் சபையைத் துன்பப்படுத்தத் தொடங்கினபோது, வட ஆபிரிக்காவில் சில ஆயர்கள் பயத்தில் வேதப் புத்தகங்களைக் கையளித்துவிட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் கொடுத்த ஞானஸ்நானம் செல்லுமா என்று பெரிய பிரிவினை. செல்லாது என்று டொனாத்து கட்சிக்காரர் திரும்பக் கொடுத்தார்கள். பிறகு வந்த ஆயர் அகுஸ்தீன் சொன்னது, கல்லால் கட்டின வாய்க்காலால் ஓடுகிற தண்ணீர் கல்லில் ஒன்றையும் முளைக்க வைக்காது, ஆனால் தோட்டத்துக்கு வந்து சேர்ந்துவிடும். அந்த மனுஷன் கல்லாகவே இருந்திருக்கட்டும், மகள். ஞானஸ்நானம் கொடுக்கிறவர் கிறிஸ்து.

உன் அப்பா பாலையூற்றுக் கத்தோலிக்கக் குடும்பம், லூர்து மாதா திருநாளுக்கு இன்றைக்கும் போகாமல் விடமாட்டார். நாங்கள் கட்டினபோது இரண்டு பக்கமும் வாய்ச்சண்டைக்குக் குறைவில்லை. பெரியப்பா கலியாணத்துக்கே வரவில்லை. ஆனால் என்னையோ அவரையோ திரும்ப ஞானஸ்நானம் எடு என்று எந்தக் கோயிலும் கேட்கவில்லை. நிசேயா விசுவாசப்பிரமாணத்தில் ஒரே ஞானஸ்நானம் என்று அவர்களும் சொல்கிறார்கள், நாங்களும் சொல்கிறோம். 1982 இல் பெரு நாட்டின் லீமாவில் பல சபைகளின் ஆட்கள் கூடி ஒத்துக்கொண்டதும் இதுவே, ஞானஸ்நானம் திரும்பச் செய்யக்கூடியது அல்ல என்று. நீ இப்போது இரண்டாம் தரம் எடுத்தால், அப்பாவினுடையதும் என்னுடையதும் அம்மம்மாவினுடையதும் வெறும் தண்ணீர் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். நீ அப்படி நினைக்கவில்லை, எனக்குத் தெரியும்.

உனக்கு ஏதோ ஒன்று புதிதாகத் தொடங்க வேண்டும் போல இருக்கிறது, அது எனக்கு விளங்குது. லூத்தர் 1529 இல் எழுதின சிறிய ஞானோபதேசத்தில், நமக்குள் இருக்கிற பழைய ஆதாம் தினந்தினம் மனந்திரும்புதலால் மூழ்கிச் சாகவேண்டும், அதுதான் தண்ணீரின் அர்த்தம் என்கிறார். தினமும்! அப்படியென்றால் மச்சாளோடு கதை. அந்தக் காசு விஷயத்துக்குப் பிறகு நீங்கள் இரண்டு பேரும் முகம் பார்க்கிறதில்லை என்று அவளுடைய அம்மா சந்தையில் என்னைப் பிடித்து அழுதா. பிழை யாரில் என்று நான் கேட்கவில்லை. அந்தச் சிறைச்சாலைக்காரன் தண்ணீருக்குள் இறங்க முதல் என்ன செய்தான் என்று பார்த்தாயா? தான் தொழுமரத்தில் மாட்டி வைத்த ஆட்களின் காயத்தைக் கழுவினான். பிறகு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பாடு போட்டான். நீ மச்சாளுக்கு ஒரு நாள் சாப்பாடு போடு. ஆட்டிறைச்சிக் கறி வை, அவள் மறுக்க மாட்டாள்.

ஜனவரி முதல் ஞாயிறு இங்கே உடன்படிக்கை ஆராதனை. அதில் எல்லாரும் எழும்பி நின்று தங்களைத் திரும்ப ஒப்புக்கொடுக்கிறோம், தலை நனையத் தேவையில்லை. கனடாவில் மெதடிஸ்த கோயில் என்று தேடி அலையாதே. 1925 இல் அநேகமாக எல்லாம் ஐக்கிய திருச்சபைக்குள் போய்விட்டன. அங்கே போய்க் கேட்டுப் பார், இல்லாவிட்டால் போனில் எங்களோடு நில். உன் புதிய சபையையும் விடச் சொல்லவில்லை. பாட்டுக்குப் போ, வேத ஆராய்ச்சிக்குப் போ, அவர்களுக்கு இடியப்பம் அவித்துக் கொடு. பட்டியலில் மட்டும் பெயர் போடாதே.

நீ கேட்ட ஞானஸ்நானச் சான்றிதழைப் பதிவேட்டில் பார்த்து எழுதித் தருவதாகக் கோயிலில் சொன்னார்கள். வந்தவுடன் தம்பி படம் எடுத்து அனுப்புவான். எல்லாம் யோசித்தும் எடுக்கத்தான் போகிறாய் என்றால், அது உன் முடிவு, உன்னைத் தள்ளிவைக்கிற வீடு இது இல்லை. ஆனால் முதலே எனக்குப் போன் எடுத்துச் சொல்லு. பேஸ்புக்கில் மற்ற ஆட்கள் லைக் போட்ட பிறகு நான் அறிய வேண்டாம்.

அன்புடன்,
அம்மா
திருகோணமலை