பயிற்சி ஆட்டத் தோல்வியும் தோல்விதானா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த மார்ச் மாதம் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில், அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் ஓர் அணி தொடர்ந்து ஐந்து ஆட்டங்களில் தோற்றுத் தடுமாறுவதாக ஒரு செய்தி வந்திருந்தது. அந்த ஐந்தும் பயிற்சி ஆட்டங்கள். அவற்றின் முடிவு பருவத்தின் புள்ளிப் பட்டியலில் ஏறாது.

பருவத்துக்கு முந்தைய பயிற்சிக்காக பிப்ரவரி நடுவில் 15 அணிகள் அரிசோனாவிலும் 15 அணிகள் ஃப்ளோரிடாவிலும் முகாமிடுகின்றன. முதலில் வருபவர்கள் பிட்சர்களும் (பந்து வீசுபவர்கள்) கேட்சர்களும் (அதைப் பிடிப்பவர்கள்) தான். வீசும் கை ஓரிரு இன்னிங்ஸில் (இரு அணிகளும் ஒரு முறை மட்டை பிடிக்கும் சுற்று; ஆட்டத்துக்கு ஒன்பது) தொடங்கிப் படிப்படியாகவே ஐந்தாறு இன்னிங்ஸுக்குப் பழக வேண்டும், வீசுகிற பந்தைப் பிடிக்கவும் ஆள் வேண்டுமல்லவா? முகாமில் ஏறத்தாழ அறுபது பேர் இருந்தாலும் பருவம் தொடங்கும் நாளில் அணியில் இடம் 26 பேருக்குத்தான். ஆக, அங்கே நடப்பது போட்டி என்பதைவிட ஆள் தேர்வு என்பதே பொருந்தும்.

மகள் வீட்டுக்குச் சென்றிருந்தபோது அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேலில் அப்படி ஓர் ஆட்டத்தைப் புல்மேட்டில் அமர்ந்து பார்த்தேன். ஐந்தாம் இன்னிங்ஸுக்குள் பெயர் பெற்ற வீரர்கள் ஒவ்வொருவராகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியேற, எண்பது, தொண்ணூறு என்று எண் போட்ட சட்டையுடன் அறிமுகமில்லாத இளைஞர்கள் இறங்கினார்கள். ஸ்கோர் என்னவென்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை.

உண்மையான கணக்கு மார்ச் இறுதியில்தான் தொடங்குகிறது. ஏறத்தாழ ஆறு மாதங்களில் ஒவ்வோர் அணியும் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. பாதி சொந்த ஊரில், பாதி வெளியூரில். ஜூலை நடுவில் நான்கைந்து நாள் இடைவேளை கிடைக்கும். மற்றபடி ஏறக்குறைய தினமும் ஆட்டம்தான். இவ்வளவு நீண்ட பருவத்தில் ஐந்து தோல்வி தொடர்ந்து வருவது முதலிடத்தில் இருக்கும் அணிக்கும் நேரக்கூடியதே. 2001இல் சியாட்டில் மரைனர்ஸ் 116 ஆட்டங்களை வென்று, ஒரு பருவத்தில் மிக அதிக வெற்றி என்ற சாதனையைச் சமன் செய்தது. அந்த அணியே 46 முறை தோற்றிருக்கிறது.

அக்டோபரில் கதை தலைகீழாகிறது. 2022 முதல், மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒவ்வொன்றுக்கும் ஆறு என 12 அணிகள் இறுதிக்கட்டத்துக்குத் தகுதி பெறுகின்றன. முதல் சுற்று அதிகபட்சம் மூன்று ஆட்டம், அடுத்தது ஐந்து, அதன்பின் இரு சுற்றுகள் ஏழேழு ஆட்டம். சிறந்த அணியும் ஒரே வாரத்தில் வீடு திரும்பலாம். மேற்சொன்ன 2001 மரைனர்ஸ், கடைசிச் சுற்றான உலகத் தொடரை எட்டவே இல்லை. 2023இலோ 84 வெற்றிகளுடன் ஒட்டிக்கொண்டு உள்ளே வந்த அரிசோனா டயமண்ட்பேக்ஸ் அதுவரை சென்றது.

அமெரிக்க விளையாட்டுக்கும் தாங்கள் இடம் தருவது மகிழ்ச்சியே. அடுத்த மார்ச்சில் இத்தகைய செய்தி வரும்போது, தலைப்பிலேயே 'பயிற்சி ஆட்டம்' என்று இரண்டு சொற்களைச் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்,
திருச்சி.