துப்பாக்கி லைசென்ஸ் உள்ளவர்கள் கவனத்துக்கு

வணக்கம். வரும் ஞாயிறு காலை 9 மணிக்குக் கோயில் மண்டபத்தில் கூடுவோம். செம்பனைக் காட்டில் பன்றி விரட்டத் துப்பாக்கி வைத்திருப்பவர்களும் ஜாகா (காவலாளி) வேலையில் துப்பாக்கி தூக்குபவர்களும் கட்டாயம் வாங்க. போன வாரம் நம்ம ஆள் ஒருவர், போலீஸ் எழுதிய வாக்குமூலத்தைப் பயத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார், அதனால்தான் இந்த அவசரம். போலீஸ் விசாரித்தால் நினைவில் வைக்க வேண்டியவை:

1. போலீஸ் லைசென்ஸ் கேட்டால் காட்டிவிடுங்கள், வாக்குவாதம் வேண்டாம்.

2. மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 112-வது பிரிவில் விசாரித்தால் உண்மையைத்தான் சொல்ல வேண்டும், ஆனால் உங்கள் மேலேயே வழக்கு வரக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம். வாக்குமூலத்தை வாசித்துக் காட்டச் சொல்லி, தப்பிருந்தால் திருத்திய பிறகே கையெழுத்து.

3. கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும். வீட்டுக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்லக் கேளுங்கள், அதே சட்டத்தின் 28ஏ பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும்.

4. ஓடுவது, துப்பாக்கியை ஒளிப்பது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம் அண்ணன்மாரே.

லைசென்ஸ் நகல் கொண்டு வாங்க, ஆனால் அதைக் குழுவில் போடாதீங்க. வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் பெயர் போடுங்கள், நாற்காலி, தேத்தண்ணி கணக்குப் பார்க்கணும்.