குவேக்கர்கள் பேசுவதும் உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு மலரில் உலக வழிபாட்டு முறைகள் பற்றி வந்த கட்டுரை, குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரை இரண்டே வரியில் முடித்துவிட்டது: ஒரு மணி நேரம் கண்ணை மூடித் தியானம் செய்வார்கள், யாரும் வாய் திறப்பதில்லை என்று. பல வருடங்களாக அவர்களோடு உட்கார்ந்து வருகிறவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் நாகர்கோவில்காரி. இங்கிலாந்தில் லங்காஸ்டர் நகரத்தில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். இங்கே குவேக்கர்களின் கூடுகை வீடு ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. பீடம் இல்லை, பாட்டு இல்லை, போதகரும் இல்லை. ஆட்கள் வந்து உட்கார உட்கார வழிபாடு தொடங்கிவிடும். பாமாலையும் பிரசங்கமுமாக சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்த எனக்கு இது பிடிபடக் கொஞ்ச காலம் ஆனது.

அவரவர் மனதை அடக்குவதற்கான மௌனம் அல்ல அது. யார் மூலமாகவாவது கடவுள் பேசக்கூடும் என்று எல்லோருமாகச் சேர்ந்து காத்திருக்கிறார்கள். அதனால் உள்ளே ஏவப்பட்டவர் யாரானாலும் எழுந்து பேசலாம், அன்றுதான் முதல்முறையாக வந்தவராக இருந்தாலும் சரி. ஒரு ஞாயிறு, வயதான ஒருவர் முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மறதி நோய் வந்த தன் மனைவி இப்போது தன்னை அவளுடைய அண்ணன் என்று நினைக்கிறாள், அண்ணன்மேல் வைக்கிற பிரியமும் பிரியம்தானே என்றார். உட்கார்ந்துவிட்டார். யாரும் ஆறுதல் சொல்லவில்லை. ஒருவர் பேசி முடித்த கையோடு இன்னொருவர் எழுவதில்லை; கேட்டது மனதில் இறங்க நேரம் விடுவார்கள். மருத்துவமனையில் எத்தனையோ குடும்பங்களின் துக்கத்தைப் பார்த்தவள் நான். ஒருவருடைய துக்கத்துக்கு இவ்வளவு மரியாதை கிடைத்து வேறெங்கும் பார்த்ததில்லை. கடைசியில் மூப்பர் இருவர் கைகுலுக்கினால் வழிபாடு முடிந்தது, பிறகு தேநீர்.

இப்படிக் கூடுவதே ஒரு காலத்தில் குற்றம். அரசுத் திருச்சபைக்கு வெளியே ஐந்து பேருக்கு மேல் வழிபாட்டுக்குக் கூடக்கூடாது என்று 1664-ல் சட்டம் போட்டார்கள். இயக்கத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸும் மார்கரெட் ஃபெல்லும் அடைபட்டுக் கிடந்த லங்காஸ்டர் கோட்டை, எங்கள் கூடுகை வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். உலகத்தை மறந்து உட்காருகிறவர்களும் அல்ல இவர்கள். அடிமை வணிகத்தை எதிர்த்து 1783-லேயே பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு கொடுத்தார்கள். 1947-ல் அமைதிக்கான நோபல் பரிசு பிரிட்டன், அமெரிக்க குவேக்கர்களின் சேவை அமைப்புகள் இரண்டுக்கும் கிடைத்தது.

எல்லா குவேக்கர்களும் மௌனமாக வழிபடுகிறவர்கள் என்பதும் சரியல்ல. அவர்கள் மிக அதிகமாக வாழும் கென்யாவில் போதகரும் உண்டு, பாட்டும் உண்டு.

1928-ல் ஆசிரியராகச் சென்னைக்கு வந்து, தமிழ் கற்று, பிறகு சேவாகிராமத்தில் கைத்தொழில் வழியே கற்பிக்கும் காந்தியின் ஆதாரக் கல்விக்காக உழைத்து, கோத்தகிரியிலும் வாழ்ந்த மார்ஜரி சைக்ஸ் ஒரு குவேக்கர். நம் பிள்ளைகள் அவரைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஞாயிறு மலரில் அவரைப் பற்றி ஒரு முழுப் பக்கம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
லங்காஸ்டர், இங்கிலாந்து