செத்த பிராணிகளைப் புதைக்க ஓரிடம் வேண்டும்

ஆசிரியருக்கு,

மட்டக்களப்பு வாவியோரம் செத்த நாய்களும் மாடுகளும் உரப்பையில் கட்டி வீசப்படுவதாகத் தங்கள் பத்திரிகையில் வந்த செய்தியைப் படித்தேன். வீசுபவர்களை ஏசுவது சரி. ஆனால் நகருக்குள் சிறு வளவில் இருப்பவர் வேறு என்னதான் செய்வார்? எங்கள் மணல் நிலத்தில், அதுவும் மாரியில், கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறிவிடும். பக்கத்து வளவில் முழங்கால் ஆழத்தில் புதைத்த நாயைப் போன மாரியில் வெள்ளம் வடிந்ததும் தெருநாய்கள் கிளறி வெளியே இழுத்துப் போட்டன. அந்தக் குழிக்கும் எங்கள் கிணற்றுக்கும் இடையில் இருப்பது ஒரு முருங்கை மரம்தான். அப்புறம் அந்தத் தண்ணீரில் குளிக்கவே மனம் வரவில்லை.

நீர் தேங்காத மேட்டுநிலத்தில் ஒரு துண்டை மாநகர சபை இதற்கென ஒதுக்கி, ஏற்றிச் செல்ல ஒரு வாகனமும் தொலைபேசி இலக்கமும் தரலாம். சிறு கட்டணம் கேட்டாலும் சனம் கொடுக்கும். விசர்நோய்ச் சந்தேகமுள்ள நாயை மட்டும் உடனே புதைத்துவிடக் கூடாது. தலையைக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம் போன்ற ஆய்வுகூடத்துக்கு அனுப்பித்தான் நோயை உறுதிசெய்வார்கள். அழைப்பை எடுக்கும் ஊழியர் முதலில் கேட்க வேண்டியது, ‘அது யாரையும் கடித்ததா?’ என்பதைத்தான்.

வாசகர் ஒருவர்,
கல்லடி