தேர்ச்சி விகிதம் சொல்லாதது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பிளஸ் டூ முடிவுகள் வெளியாகும் ஒவ்வோர் ஆண்டும் 'வழக்கம்போல் மாணவிகளே அதிகம்' என்ற வரியைப் படிக்கிறோம். 2025-இல் தேர்ச்சி பெற்ற மாணவிகள் 96.70 சதவீதம், மாணவர்கள் 93.16 சதவீதம். பெண் பிள்ளைகள் பொறுப்பானவர்கள், பையன்கள் ஊர்சுற்றிகள் என்று இதற்கு எளிதாகக் காரணம் சொல்லிவிடுகிறோம். அரசுப் பள்ளிகளில் இருபத்தெட்டு ஆண்டுகள் இயற்பியல் கற்பித்த என்னால் அதை ஏற்க முடியவில்லை.

பள்ளி விட்டதும் பையன் மைதானத்துக்குப் போகலாம். பெண் நேராக வீட்டுக்கு வந்து, தண்ணீர் பிடித்து, பாத்திரம் துலக்கி, தம்பிக்குச் சோறு போட்டுவிட்டுத்தான் புத்தகத்தைத் தொட முடியும். மதிப்பெண் குறைந்து படிப்பு நின்றால் வீட்டில் கல்யாணப் பேச்சு எழும் என்பது அவளுக்குத் தெரியும். அந்த அச்சமும் சேர்ந்துதான் அவளைப் படிக்க வைக்கிறது. பையனுக்கோ, வீட்டில் பணமுடை வந்தால் சம்பாதித்துக் கொடுப்பது ஆம்பிளைப் பிள்ளையின் கடமை என்று சிறு வயதிலேயே சொல்லப்படுகிறது. முகூர்த்த நாளுக்கு மறுநாள் வகுப்புக்கு வராத பையன்களில் பலர், முந்தைய இரவு கேட்டரிங் வேலைக்குப் போய்ப் பந்தி பரிமாறியவர்கள் என்பதை நான் மிகத் தாமதமாகவே அறிந்துகொண்டேன்.

வீட்டை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. வகுப்பறையைக் கூட்டவும் விருந்தினருக்குப் பன்னீர் தெளிக்கவும் மாணவிகளை அழைப்பதும், பெஞ்சு தூக்க மாணவர்களை அழைப்பதும் ஆசிரியர்களாகிய நாங்கள்தான். அடி வாங்கிய பையன் கண் கலங்கினால் 'பொம்பளப் பிள்ளை மாதிரி அழாதே' என்று அதட்டியதும் நாங்களே. ஆய்வகத்தில் மின்சுற்றை இணைப்பவன் பையன், அளவுகளைக் குறித்துக்கொள்பவள் பெண் என்பது எழுதாத விதியாக இருந்தது. எழுத்துத் தேர்வுகளில் முதலிடம் பெற்றுவந்த மாணவி ஒருத்தி, செய்முறைத் தேர்வில் மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரை எங்கே இணைப்பது என்று தெரியாமல் கை நடுங்க நின்றாள். இரண்டு ஆண்டுகள் அவளை ஒரு கம்பியையும் தொடவிடாத தவறு என்னுடையது. அவள் முகம் இன்னும் என் கண்முன் நிற்கிறது.

தமிழக அரசின் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களால், அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளில் படித்து உயர்கல்வி பயிலும் இருபாலருக்கும் மாதம் 1,000 ரூபாய் கிடைப்பது நல்லது. அதோடு, துப்புரவுப் பணியும் ஆய்வகப் பணியும் இருபாலருக்கும் முறை வைத்து ஒதுக்கப்பட வேண்டும் என்று பள்ளிக்கல்வித் துறை எழுத்துமூலம் ஆணையிட வேண்டும். இதற்குத் தனி நிதி தேவையில்லை. அடுத்த தேர்வு முடிவின்போது, இடையில் நின்ற பையன்கள் எங்கே போனார்கள், தேர்ச்சி பெற்ற பெண்களில் எத்தனை பேர் கல்லூரியில் சேர்ந்தார்கள் என்பதையும் தங்கள் நாளிதழ் விசாரித்து எழுதக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
விழுப்புரம் மாவட்டம்.