ஐயாவின் பி.எஸ்.ஏ.வைப் புதுசாக்க விடாதவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் ஐயாவின், அதாவது தாத்தாவின், பைக் மறுபடி ஓடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை கானாடுகாத்தானிலிருந்து திருமயம் கோட்டை வரைக்கும் போய், அங்கே ஒரு டீ குடித்துவிட்டு, எங்கும் நிற்காமல் திரும்பி வந்தேன். இரண்டரை வருஷ வேலை இது. உங்களில் பலருக்கு நேரில் நன்றி சொல்லிவிட்டேன். ஆனாலும் ஊரறியச் சொன்னால்தான் எனக்கு மனசு ஆறும்.

நம் ஊரில் பி.எஸ்.ஏ. என்றால் சைக்கிள்தான் நினைவுக்கு வரும். இது அதே பெயரில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் செய்த மோட்டார் சைக்கிள். பி31 என்று பெயர். போர் முடிந்த 1945-ல் அந்தக் கம்பெனி கொண்டுவந்த மாடல். ஒற்றை சிலிண்டர், 348 சிசி, நாலு கியர். எங்களுடையது 1949-ல் செய்தது. பினாங்குக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் பார்க்க, போய்த் திரும்பிய ஐயா, அடுத்த வருஷமே மதராஸில் வாங்கியிருக்கிறார். ஆர்.சி. புத்தகத்தில் இன்னும் ராமநாதபுரம் மாவட்டம் என்றுதான் இருக்கிறது.

ஐயா காலமான பிறகு வண்டி வீட்டின் பின்பகுதியான மூன்றாம் கட்டில், நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் சாக்குப் போர்வைக்குள் நின்றது. முதல் நன்றி எங்கள் அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு. பழைய இரும்புக்காரர்கள் கேட்டார்கள், வீட்டில் சினிமா ஷூட்டிங்குக்கு வந்தவர்கள் நல்ல விலையே சொன்னார்கள். தூண், கதவு எல்லாம் விலை போன காலத்திலும் அப்பச்சி இதைக் கொடுக்கவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது, சாக்கை எடுத்து உதறிவிட்டு மறுபடி மூடுவார்கள். வேறு எதுவும் செய்ததில்லை. எதுவும் செய்யாமல் விட்டது எவ்வளவு பெரிய உபகாரம் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

நான் சென்னையிலிருந்து வந்து இறங்கியபோது என் மனதில் இருந்த திட்டமே வேறு. பெயிண்ட் முழுக்கச் சுரண்டிவிட்டுப் பவுடர் கோட்டிங், பார்க்கும் இடமெல்லாம் குரோம், 12 வோல்ட் பேட்டரி, முடிந்தால் செல்ஃப் ஸ்டார்ட். ஷோரூமிலிருந்து இப்போதுதான் வெளியே வந்த மாதிரி நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இந்தக் கடிதம் அந்த ஆசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட வைத்தவர்களுக்கு.

அதில் முதல் ஆள் மெக்கானிக் இல்லை, கொத்தனார். அப்போது எங்கள் வீட்டு வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியில், சுவர் வேலை நடந்துகொண்டிருந்தது. முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசிய பழைய பூச்சு, கண்ணாடி மாதிரி கையில் வழுக்கும். பல வருஷப் புகையில் மங்கிப் போயிருந்தது. சுரண்டிவிட்டு எமல்ஷன் அடித்துவிடலாமா என்று கேட்டேன். அவர் தேங்காய் நாரை ஈரத்தில் நனைத்து ஓர் உள்ளங்கை அளவுக்கு மெதுவாகத் தேய்த்துக் காட்டினார். உள்ளேயிருந்து பால் மாதிரி வெள்ளை வந்தது. "சுவரு அழுக்காத்தான் இருக்கு ஆச்சி, கெட்டுப்போகலை. அழுக்கு வேற, பழசு வேற. அழுக்க எடுங்க, பழச விடுங்க" என்றார்.

அன்று சாயங்காலமே பெட்ரோல் டேங்கைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்துப் பார்த்தேன். கறுப்புப் பிசுக்கு இளகி வந்த பிறகு அடியில் பச்சை தெரிந்தது. டேங்கின் இரண்டு பக்கமும் ஐயாவின் முழங்கால் படும் இடத்தில் மட்டும் பெயிண்ட் இல்லை. வேட்டி உரசி உரசி, ஓரத்தில் பச்சை மெல்ல மெல்ல மெலிந்து, நடுவில் வெறும் இரும்பு வழவழவென்று இருந்தது. நான் உட்கார்ந்தால் என் முழங்கால் அந்த இடத்துக்கு இரண்டு விரல்கடை மேலே வருகிறது. அப்போது எனக்கு எவ்வளவு உயரம் என்று அப்பச்சி கேட்டார்கள். ஐயாவின் உயரத்தை அன்றைக்குத்தான் நாங்கள் இருவரும் கணக்குப் போட்டோம். சுரண்டியிருந்தால் அது போயிருக்கும். கொத்தனார் அண்ணே, அந்தப் பச்சை உங்களால்தான் இருக்கிறது.

அடுத்து, சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) வேலை பார்த்து ஓய்வு பெற்ற அந்தப் பெரியவர். காரைக்குடிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த ஆய்வுக்கூடம் அது. 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறந்தது. முலாம் பூசுவதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கலாம் என்று போனவளுக்கு மூன்று மணி நேரம் பாடம் எடுத்தார். சைக்கிள் ஹேண்டில்பார் பளபளப்பில் போல்ட், நட்டுக்கெல்லாம் குரோம் போடக் கிளம்பிய என்னை நிறுத்தி, அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகளின் போல்ட்டுகளுக்குப் பெரும்பாலும் காட்மியம் முலாம்தான், அது மங்கலான சாம்பல் நிறம் என்றார். காட்மியம் நச்சு உலோகம், இன்றைக்கு அதைத் தேடிப் போக வேண்டாம். துத்தநாக முலாம் போட்டுப் பளபளப்பைக் குறைத்துக்கொண்டால் கண்ணுக்கு அதே மாதிரி இருக்கும் என்று வழியும் சொன்னார்.

அதைவிடப் பெரிய விஷயம், சீட் ஸ்பிரிங். எங்கள் வண்டியில் பின்சக்கரத்துக்கு ஷாக் அப்சார்பர் கிடையாது. சீட்டுக்கு அடியில் இருக்கும் இரண்டு ஸ்பிரிங்தான் முதுகைக் காப்பாற்றுகிறது. அதற்கும் முலாம் போட எடுத்துப் போயிருந்தேன். முலாம் தொட்டிக்கு முன்னால் அமிலத்தில் முக்கும்போது ஹைட்ரஜன் இரும்புக்குள் புகுந்துகொள்ளும், ஸ்பிரிங் மாதிரி கடினமான எஃகு அதனால் உள்ளுக்குள்ளேயே நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது, ஒரு நாள் சட்டென்று முறியும் என்று விளக்கினார். முலாம் போட்டவுடன் அடுப்பில் சில மணி நேரம் சூடேற்றி ஹைட்ரஜனை வெளியேற்றுவார்கள், சின்னப் பட்டறைகளில் அதை யார் செய்வார்கள் என்று கேட்டுவிட்டு, "கறுப்பு பெயிண்ட் அடிம்மா, போதும்" என்றார். கறுப்புதான் அடித்திருக்கிறேன் ஐயா. டேங்கின் உள்ளே இருந்த துருவும் நீங்கள் சொன்னபடி எலுமிச்சை உப்புக் கரைசலில் இரண்டு நாள் ஊறி, சோடா உப்புத் தண்ணீரில் அலசி, சுத்தமாகிவிட்டது. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும் என்றீர்களே, அதனால் ஓட்டாத மாதங்களில் டேங்கைக் காலி செய்துவிடுகிறேன்.

தேவகோட்டை ரஸ்தா லேத்துப் பட்டறை அண்ணனுக்கு நான் பட்ட கடன் தனி. உங்களிடம் வருவதற்கு முன்னால் வேறோர் இடத்தில் வண்டியைப் பிரிக்கக் கொடுத்திருந்தேன். பெயர் வேண்டாம். இந்த வண்டியில் மில்லிமீட்டர் ஸ்பேனர் எதுவும் சேராது, விட்வொர்த் என்கிற பழைய இங்கிலாந்து அங்குல அளவு வேண்டும். அது தெரியாமல் கிட்டத்தட்ட பொருந்துகிற ஸ்பேனரைப் போட்டுத் திருகி, வழுக்கியதை உளி வைத்து அடித்து, பதினொரு போல்ட்டின் தலை முனைகளை உருண்டையாக்கித் தந்தார்கள். எல்லாவற்றையும் பெரிதாகத் துளைத்துப் புது மரை போட்டுவிடலாம் என்பது அவர்கள் யோசனை. நீங்கள் ஒரு போல்ட்டை எடுத்து மரை கேஜை வைத்துப் பார்த்து, "அங்குலத்துக்கு 26 மரை, சைக்கிள் மரைதான் இது. கேஸிங்கைத் தொடாதீங்க, நான் போல்ட் கடைஞ்சு தரேன்" என்றீர்கள். பதினொன்றையும் கடைந்து கொடுத்தீர்கள். சிலிண்டரின் உட்புறத்தை 20 தௌ (ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு) பெரிதாகக் கடைந்ததும் நீங்களே.

முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் ஹெட்லைட் வளையம் கிடைத்தது. எனாமல் தட்டுகளுக்கு அடியில் எட்டு வருஷமாகக் கிடந்ததாம். பாதி விலைக்குக் கொடுத்தார்கள், நன்றி.

கடிகாரக் கடைப் பெரியவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த வண்டியின் ஸ்பீடோமீட்டர் ஸ்மித்ஸ் கம்பெனியின் குரோனோமெட்ரிக். இன்றைய மீட்டரில் முள் வழுக்கிக்கொண்டு ஏறும். இதில் அப்படி இல்லை. உள்ளே கடிகாரம் மாதிரியே ஒரு பொறி ஓடுகிறது, ஒவ்வொரு முறையும் சக்கரத்தின் சுற்றைக் கொஞ்ச நேரம் அளந்து பார்த்து, முள்ளை அந்த இடத்துக்குத் தள்ளுகிறது. அதனால் முள் தத்தித் தத்தித்தான் நகரும். எங்களுடையது இறுகிப் போயிருந்தது. வெளி முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே எலெக்ட்ரானிக் மீட்டர் பொருத்தித் தருகிறேன் என்று ஒருவர் சொல்லியிருந்தார், நானும் கிட்டத்தட்ட சரி என்றுவிட்டேன். நீங்கள் லென்ஸைக் கண்ணில் மாட்டி, "இது வாட்ச் வேலை, என் வேலை" என்று வாங்கி வைத்தீர்கள். காய்ந்த எண்ணெயைக் கழுவி, ஒரு ஸ்பிரிங்கை நேராக்கி, கடிகார எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, டிரில் மெஷினில் சுழற்றிக் காட்டினீர்கள். முள் 20 மைலுக்குத் தாவியது, நின்றது, 25-க்குத் தாவியது. கடையில் இருந்த எல்லோரும் எழுந்து வந்து பார்த்தோம்.

பின் மட்கார்டில் எங்கள் வீட்டு விலாசம் மஞ்சள் பெயிண்டில் கையால் எழுதியிருக்கும். தேவகோட்டையிலிருந்து வந்த போர்டு ஆர்ட்டிஸ்ட் முழுவதையும் புதிதாக எழுத மறுத்துவிட்டார். 'ரா'வின் காலில் பாதி உதிர்ந்திருந்தது. அதை மட்டும், மஞ்சளில் ஒரு துளி பழுப்பைக் கலந்து, ஒட்டி எழுதினார். எங்கே ஒட்டினார் என்று எனக்கே இப்போது தெரிவதில்லை.

மாற்றியதும் உண்டு. டயர், டியூப், பிரேக் லைனிங், நைந்து போன ஒயரிங். உயிரோடு விளையாட முடியாத இடங்கள் அவை. வலது காலில் கியர், இடது காலில் பிரேக் என்பதை மாற்றச் சொல்லிப் பலர் சொன்னார்கள், மாற்றவில்லை. பதினைந்து நாளில் கால் பழகிவிட்டது. செயின் கேஸில் ஆயில் கசிகிறது. முகப்பில் ஆத்தங்குடிக் கல் கறைபடாமல் இருக்க அப்பத்தா ஒரு பழைய அலுமினியத் தாம்பாளத்தைக் கொடுத்திருக்கிறார்கள்.

கடைசியாக, கோவையில் மோட்டார் காயில் கட்டும் பெரியவருக்கு. நாம் இதுவரை நேரில் பார்த்ததில்லை. காலையில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும் வண்டி, குன்றக்குடி வரை ஓடிச் சூடானதும் உயிரை விட்டுவிடும். மூன்று முறை டாடா ஏஸில் ஏற்றி வந்தோம். பேட்டரி இல்லாமலே பிளக்குக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவைக் கழற்றிப் போட்டுவிட்டு பேட்டரி காயிலுக்கு மாறுங்கள் என்று சொல்லாதவர் இல்லை. நீங்கள் ஒருவர்தான் போனிலேயே கேட்டுவிட்டு, சூட்டில் ஆர்மேச்சரின் (அதற்குள் சுழலும் கம்பிச் சுருளின்) பழைய அரக்கு இளகுகிறது, உள்ளே இருக்கும் கண்டன்சரும் கசிகிறது, அனுப்பி வை என்றீர்கள். முடி மாதிரிக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றி, புதுக் கண்டன்சர் வைத்து, ஒரு மாதத்தில் திருப்பி அனுப்பினீர்கள். கம்பிக்கான காசு மட்டும் வாங்கினீர்கள். மற்றபடி நீங்கள் கேட்டது ஒன்றுதான்: சூடான இன்ஜின் ஸ்டார்ட் ஆகும் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்ப வேண்டும்.

நேற்று மதியம் குன்றக்குடி மலையடிவாரத்தில் பதிவு செய்தேன். நல்ல வெயில். பத்து நிமிஷம் நிறுத்திவைத்து, இக்னிஷன் லீவரைக் கொஞ்சம் பின்னால் இழுத்து, வால்வைத் தூக்கி மெல்ல இறக்கி, இரண்டாவது உதை. இன்றிரவு அனுப்பிவிடுகிறேன். நடுவில் ஒரு குரல் கேட்கும், "என்ன வண்டி ஆச்சி இது, நிறுத்திடாதீங்க, இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும்" என்று. அது தேங்காய்க் கடைக்காரர்.

நன்றியுடன்,
ஐயாவின் பேத்தி,
கானாடுகாத்தான்